விருந்தினர் அறையும் ஓவியக் கூடமும்



மலாக்கா நகருக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் நடக்க இடமிருப்பதில்லை. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, சுற்றுப்பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். ஆனால் அவர்கள் ஜோங்கர் தெருவைப் பார்த்து, செங்கட்டடத்தின் முன் படம் பிடித்து, ஓர் இரவு தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ திரும்பிப் பார்ப்பவர்கள் சிலரே.

சென்ற பள்ளித் தவணையில் ஒரு தாயார் நம்மிடம் வந்தார். தோட்டம் கைமாறியதும் லயத்தை விட்டு, மலிவு விலை வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவர். அவருடைய மூத்த மகள் நன்றாகப் படம் வரைவாள். துணியில் பாத்தேக் போடவும் பழகியிருக்கிறாள். "வாத்தியாரே, வீட்டுல ஓர் அறை சும்மாத்தான் கிடக்கு. வெளியூர்க்காரங்க வந்து தங்கினா, மகள் போடுறதை அவங்களுக்குக் காட்டலாமே. இதெல்லாம் நமக்கு நடக்குமா?" என்று கேட்டார். அன்று நாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். இன்று சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலில், இது புதிய தொழிலன்று. பிரான்சு நாட்டில் பார்பிசோன் என்று ஒரு சிற்றூர் உண்டு. நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கான் என்பவரும் அவர் மனைவியும் மளிகைக் கடையோடு சேர்த்து ஒரு விடுதி நடத்தினார்கள். பாரிஸ் நகரத்து ஓவியர்கள் அங்கே தங்கி, பகலில் காட்டுக்குள் போய் வரைவார்கள். மழை நாளில் விடுதியின் சுவரிலும் அலமாரிக் கதவிலும் வரைவார்கள். அந்த விடுதி இன்று அரும்பொருளகமாக இருக்கிறது. அதே ஊரில் குடியேறிய மில்லே என்ற ஓவியர் 1857இல் வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது. அறுவடையான வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள், அவ்வளவுதான். மரத்தடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது.

நம் தமிழ்நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே, கடற்கரையோரம், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம்தான் அது. சென்னை அரசினர் கலைத்தொழில் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966இல் இதைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. படித்து முடித்த இளைஞன் வயிற்றுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எங்காவது வேலைக்குப் போக வேண்டியதுதான். பணிக்கர் என்ன செய்தார் தெரியுமா? ஓவியத்தை விற்றுப் பிழைக்கச் சொல்லவில்லை. பாத்தேக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்போம், அந்த வருமானத்தில் நிலம் வாங்குவோம், வயிறும் நிறையும், ஓவியம் வரையவும் நேரம் கிடைக்கும் என்றார். அப்படியே வெறும் மணல்வெளியை வாங்கிக் குடிசை போட்டுக்கொண்டு தொடங்கினார்கள். பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் நிலைத்துவிட்டது. காட்சிக் கூடமும் சிற்பத் தோட்டமும், வரும் கலைஞர் தங்குவதற்கு விருந்தினர் இல்லமும் அங்கே உண்டு.

அவர்கள் முதலில் வாங்கியது நிலம் என்பதை மறந்துவிடக் கூடாது. லயத்து வீடு நிருவாகத்தினுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதில் ஓர் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டியிருந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே லயத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழில் ஆகாது. சொந்த வீடு, அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்த வீடு, இரண்டில் ஒன்று இருந்தால்தான் இதைப் பற்றிப் பேசலாம்.

நம் நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. 1995இல் பகாங் மாநிலம் தெமர்லோவிலுள்ள டேசா மூர்னியில், ஐந்து கம்பங்களைச் சேர்த்து 'ஹோம்ஸ்தே' திட்டத்தை அரசு தொடங்கியது. விருந்தினர் தனி விடுதியில் தங்குவதில்லை. குடும்பத்தோடு தங்கி, குடும்பம் உண்பதையே உண்பார். ஒரு வீடு மட்டும் தனியாக இதில் சேர முடியாது. ஊரில் பல வீடுகள் குழுவாகச் சேர வேண்டும். விருந்தினருக்குத் தனி அறை வேண்டும். குளியலறையும் கழிவறையும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டாருக்குத் தொற்றுநோய் இருத்தலாகாது. பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகே பதிவு கிடைக்கும். இப்போது நகரத்தில் வாடகைக்கு விடும் காலி வீட்டுக்கெல்லாம் அந்தப் பெயரை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி, கணக்கு. கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகளே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஓர் இரவுக்கு 60 வெள்ளி என்போம். மாதத்தில் 8 இரவு ஆள் வந்தால் 480 வெள்ளி. காலைப் பசியாறல், துணி வெளுப்பு, சோப்பு, மின்சாரம் எல்லாம் இரவுக்கு 20 வெள்ளி, ஆக 160 போய்விடும். பழுது பார்க்க 60 ஒதுக்குங்கள். மிச்சம் 260. அறையைச் சீராக்க 6,000 வெள்ளி செலவழித்திருந்தால், அது திரும்பிவர ஏறக்குறைய 2 ஆண்டாகும். இப்போது மகளின் பாத்தேக்கைச் சேருங்கள். விருந்தினர் ஒருவருக்கு அரைநாள் கற்றுக்கொடுக்க 40 வெள்ளி. துணி, மெழுகு, சாயம் 12. மாதம் நான்கு பேர் என்றால் 112 வெள்ளி கூடும். 2 ஆண்டு என்பது 16 மாதமாகிறது. மழைக்காலத்தில் ஒருவரும் வராத மாதமும் இருக்கும். ஆகவே வெளிவேலையை உடனே விட்டுவிடாதீர்கள்.

அரைநாளில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்? சட்டத்தில் இழுத்துக் கட்டிய கைக்குட்டை அளவு துணியில், உருகிய மெழுகைச் சிறு குழாய்முனைக் கருவியால் கோடாக விடுகிறோம். மெழுகுக் கோடு வரப்பாக நின்று சாயத்தைத் தடுக்கிறது. கட்டங்களுக்குள் தூரிகையால் சாயம் பூசி, சாயத்தை நிலைநிறுத்தும் திரவத்தைத் தடவிக் காயவைத்து, கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று வெண்கோடுகள் தெரியும். கோலம் போடும் கைக்கு இது வெகு சீக்கிரம் வரும். ஆனால் மெழுகு அடுப்பு எச்சரிக்கையானது. அது சமையலறையிலும் வேண்டாம், படுக்கையறைப் பக்கமும் வேண்டாம். கொட்டகை போட்டு வெளியில் வையுங்கள். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடிவிட வேண்டும்.

விலை சொல்லும் கூச்சம் ஒன்று நம்மிடம் உண்டு. நம் பள்ளிக்கு ஒருமுறை வந்த வெளிநாட்டுப் பெண்மணி, மூன்றாம் வகுப்புப் பையன் செய்த களிமண் யானையை என்ன விலை என்று கேட்டார். பையன் விழித்தான். பக்கத்தில் நின்ற நாமும் விழித்தோம். கடைசியில் இனாமாகவே கொடுத்தனுப்பினோம். பையன் அன்று சாப்பாட்டு வேளை வரை பேசவில்லை. விருந்தோம்பல் வேறு, உழைப்பின் விலை வேறு என்பதை அவன் முகத்தில்தான் நாம் படித்தோம். தேநீரை இனாமாகக் கொடுங்கள். துணிக்கு விலையை எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று, ஆண்கள் காதில் விழட்டும். விருந்தினர் எழுமுன் பசியாறல் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது, துவைப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தால், மகள் எந்த நேரத்தில் சட்டத்தின் முன் உட்காருவாள்? தொடங்குமுன்பே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பணப்புத்தகத்தில் அவள் பெயரும் இருக்கட்டும்.

பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் அந்நியரைத் தங்கவைக்கலாமா என்றும் அந்தத் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. குழுவாகச் சேருவதன் பயன் இங்கேதான் தெரியும். எந்த வீட்டுக்கு யார் என்பதைக் குழுவே முடிவு செய்யலாம். தனி ஆணாக வருபவரைப் பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு அனுப்பலாம். வந்தவரின் கடப்பிதழ் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். விருந்தினர் அறைக்குத் தனித் தாழ்ப்பாளும், பிள்ளைகள் அறைக்கு உள்தாழ்ப்பாளும் வேண்டும். அந்தத் தாயார் இப்போது தம் வரிசையிலுள்ள மற்ற வீட்டாரிடம் பேசி வருகிறார். நான்கு வீடு சம்மதித்திருக்கிறது. ஐந்தாவது வீட்டுக்காரர் தீபாவளி கழியட்டும் என்றிருக்கிறார்.