கட்டிக்குள் கைகட்டி நிற்கும் அணுக்கள்

சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெரும்பாலும் எடுபடாது. வழக்கமான கதிர்வீச்சுக்கும் லேசில் மசியாது. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையில் அகற்றிவிடலாம். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால், 1990கள் வரை மருத்துவர்களால் செய்ய முடிந்தது மிகச் சொற்பம்.

ஆனால் இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. சிறுநீரகத்தை எடுத்த பிறகு, நுரையீரலுக்குப் பரவியிருந்த கட்டிகள் மருந்தே இல்லாமல் சுருங்கியதை மருத்துவர்கள் எப்போதாவது கண்டார்கள். நூற்றில் ஒருவருக்குக்கூட நடக்காத அபூர்வம்தான். என்றாலும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கு இந்தப் புற்றை அடையாளம் காணத் தெரியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுத்தது.

அந்த நம்பிக்கையில் உருவான ஆரம்பகால மருந்து இன்டர்லூக்கின்-2. எதிர்ப்பாற்றலின் போர் அணுக்களான டி செல்களைப் பெருகவைக்கும் புரதம் இது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பர்க் இதை அதிக அளவில் செலுத்திப் பார்த்தார். 1992இல் சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, நோயாளி தீவிரக் கண்காணிப்பில் கிடக்க வேண்டிய கடும் சிகிச்சை. 255 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. 4 சதவீதத்தினர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். ஆனாலும் கட்டி முழுதும் மறைந்த ஒருசிலர் பல ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தார்கள். அந்த ஒருசிலருக்காகவே இந்த ஆராய்ச்சி கைவிடப்படாமல் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

டி செல்கள் போதவில்லை என்பதல்ல உண்மையான சிக்கல். சிறுநீரகக் கட்டியின் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் பல சமயம் டி செல்கள் மொய்த்துக் கிடக்கும். வேறு பல புற்றுகளில் அது நல்ல அறிகுறி. இங்கே தலைகீழ்: அவை அதிகமாக இருந்தவர்களுக்கே நோய் மோசமாகப் போனது. வந்து சேர்ந்த டி செல்கள் களைத்துப்போய்க் கைகட்டி நின்றன.

ஏன்? டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992இல் கண்டறிந்தது. எதிர்ப்பாற்றல் எல்லை மீறிச் சொந்த உடலையே தாக்காமல் அடக்கிவைப்பது அதன் வேலை. புற்றணு தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி, பிடி-1உடன் பொருந்துகிறது. டி செல் அடங்கிவிடுகிறது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு அடக்கும் புரதத்தைத் தடுத்தால் கட்டிகள் கரைவதை ஜேம்ஸ் அலிசன் எலிகளில் காட்டினார். இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடி-1ஐ மறைக்கும் நிவோலுமாப், 2015இல் சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018இல், சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப் அதனுடன் சேர்ந்தது. நோய் முற்றும் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தவர்களில், இந்த இரட்டை மருந்தால் 42 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அதுவரை கொடுத்துவந்த சுனிட்டினிப் மாத்திரையில் 27 சதவீதம். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு எண்: ஸ்கேனில் கட்டியே தெரியாமல் போனவர்கள் 9 சதவீதம், மாத்திரையில் 1 சதவீதம். பிறகு, கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் மாத்திரைகளோடு இவ்வகை மருந்தைச் சேர்க்கும் முறைகளும் வந்தன. அறுவைக்குப் பின், நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு பிடி-1ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான பெம்ப்ரோலிசுமாபை ஓராண்டு கொடுத்த ஆய்வில், நான்கு ஆண்டு முடிவில் 91 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதவர்களில் 86.

அடக்கிவைத்ததை அவிழ்த்துவிட்டால் அது புற்றோடு நிற்காது. தைராய்டு, நுரையீரல், கல்லீரல், குடல் எதையும் தாக்கலாம். ஒரு நோயாளிக்கு நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால், டி செல்கள் குடலை அரித்துக்கொண்டே இருக்கும். முற்றினால் குடலில் ஓட்டையே விழலாம். தேவைப்படுவது உடனடி ஸ்டீராய்டு. இந்த விளைவு கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் வரும். எதிர்ப்பாற்றலை முடுக்கும் இந்தச் சிகிச்சைக்கு இம்யூனோதெரபி என்று பெயர். எந்த மருத்துவரிடம் போனாலும் "இம்யூனோதெரபி எடுத்திருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்னும் வரவில்லை. பலிக்குமா என்று தெரியாமலேயே, நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பைச் சில மாதங்களில் கரைக்கும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மருந்தைக் குறைத்துக் கொடுத்தாலும் பலிக்குமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டு முடிவில் 43 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். அந்த ஊசி இல்லாதவர்களில் 16. அது வேறு புற்று. முடிவை அப்படியே சிறுநீரகத்துக்குப் பொருத்த முடியாது. அதே கேள்வியைச் சிறுநீரகப் புற்றிலும் பெரிய ஆய்வாக எழுப்ப வேண்டும். மருந்து நிறுவனம் தன் மருந்தைக் குறைவாக விற்பதற்கு ஆய்வு நடத்தாது. அந்தச் செலவை அரசும் பொது மருத்துவமனைகளும்தான் ஏற்க வேண்டும்.