முதல் இதழ்களைத் தேடிக் காத்தல்



நூல்களைச் சேர்ப்போர் பலர் உளர். நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் சேர்ப்போரும் உளர். பத்திரிகைகளைச் சேர்ப்போர் அத்துணைப் பேர் இல்லை. அவருள்ளும், ஒரு பத்திரிகை பிறந்த நாளில் வெளிவந்த முதல் இதழைத் தேடிக் காப்போர் மிகச் சிலரே. இத்தொண்டின் பயன் யாது, இதனை எவ்வாறு செய்வது, நம் போன்ற சிற்றூரார் இதில் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் இன்று காண்போம்.

தமிழில் பத்திரிகை தோன்றி இரண்டு நூற்றாண்டுகள் நிறையப் போகின்றன. சென்னையில் கிறித்தவச் சங்கம் ஒன்று 1831இல் வெளியிட்ட 'தமிழ் மேகசின்' என்பதையே தமிழின் முதற் பத்திரிகையாக ஆராய்ச்சியாளர் பலர் குறிப்பர். யாழ்ப்பாணத்தில் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் தாங்கித் தோன்றியது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். வார இதழாகப் பிறந்த அது 1899இல் நாளிதழாயிற்று. அதன் பின்னர்த் தோன்றி மறைந்த பத்திரிகைகள் எண்ணில. அவற்றுட் பலவற்றின் பெயர் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

முதல் இதழுக்குத் தனிச் சிறப்பு ஏன் என்று சிலர் வினவலாம். பின்வரும் இதழ்களில் எளிதிற் காண இயலாத மூன்று செய்திகள் அதில் அடங்கியுள்ளன. முதலாவது, நோக்கம். 'எம் பத்திரிகை ஏன் தோன்றுகிறது' என்று ஆசிரியர் ஊர் அறியக் கூறுவது முதல் இதழில்தான். இரண்டாவது, பிறப்புச் செய்தி. அச்சிட்டது எந்த அச்சகம், வெளியிட்டது எந்தத் தெரு, தனி இதழின் விலை என்ன, ஆண்டுக் கட்டணம் என்ன என்பன அதில் இருக்கும். மூன்றாவது, துணை நின்றோர். வாழ்த்துரை தந்த பெரியோர், முதற் கட்டுரை எழுதியோர், விளம்பரம் கொடுத்த கடைக்காரர் ஆகியோர் பெயர்களெல்லாம் அதில் காணப்படும். ஒரு பத்திரிகை பத்து ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு மாறியது என்று ஆராய்பவர், அது புறப்பட்ட இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் 'எழுத்து' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே எல்லை வகுத்துக்கொண்ட பத்திரிகை அது. விற்பனை பெருகவேண்டும் என்று பிறர் விரும்பிய காலத்தில், பெருகாமலிருக்கவும் ஒருவர் துணிந்தார். இலக்கியத் திறனாய்வுக்கென்று பிறந்த அவ்விதழே புதுக்கவிதைக்குத் தாய்வீடாயிற்று. புதுக்கவிதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் வரலாறாக எழுதிய வல்லிக்கண்ணனுக்கு 1978இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. இத்தகைய வரலாறுகளை எழுதவேண்டுமாயின் பழைய இதழ்கள் யாரேனும் ஒருவருடைய அலமாரியில் இருந்தாக வேண்டுமன்றோ?

முதல் இதழை அடையாளம் காண்பது எளிது என்று தோன்றும். 'மலர் 1, இதழ் 1' என்று அட்டையில் இருந்தால் போதும் என நினைப்போம். ஆனால் நம் பத்திரிகையாளர் இதற்குப் புதுப்புதுப் பெயர்களை வழங்கினர். 'செந்தமிழ்ச் செல்வி' சிலம்பு என்றும் பரல் என்றும் எண்ணிட்டது. 'தென்மொழி' சுவடி என்றும் ஓலை என்றும் எண்ணிட்டது. எனவே, 'பரல் 1' என்று காணும் ஏட்டையும் 'ஓலை 1' என்று காணும் ஏட்டையும் பொருளறியாது ஒதுக்கிவிடலாகாது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே பெயரில் பத்திரிகை இருமுறை பிறப்பதுண்டு. 'மணிக்கொடி' 1933இல் வார இதழாகத் தோன்றியது. அது நின்றபின், 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே மீண்டும் எழுந்தது. இரண்டும் தொடக்கங்களே, இரண்டும் காக்கத்தக்கனவே. சில பத்திரிகைகள் பெயரையே மாற்றிக்கொள்ளும். மறைமலையடிகள் 1902இல் தொடங்கிய 'ஞானசாகரம்' பின்னாளில் 'அறிவுக்கடல்' ஆயிற்று. பெயர் மாறிய இதழும் ஒருவகையில் முதல் இதழே.

இனி, முதல் இதழ்கள் ஏன் அரியவாகின்றன என்பதைக் காண்போம். பத்திரிகை பிறக்கும்போது அது வாழுமா என்பதை ஒருவரும் அறியார். ஆதலின் வாங்குவோர் குறைவு; வாங்கியவருள் காப்போர் இன்னும் குறைவு. பத்திரிகை புகழ்பெற்ற பின்னரே பலர் சேர்க்கத் தொடங்குவர். அதற்குள் முதல் இதழ் பழைய பேப்பர் கடைக்குச் சென்றிருக்கும்.

தாளும் நமக்குப் பகையாகிறது. மரக்கூழால் ஆகிய மலிவுத் தாளில் உள்ள அமிலம், ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டு நின்றதுண்டு. செய்தித்தாள் ஐம்பது ஆண்டு நிற்பதே அரிது. இராமபாணப் பூச்சியும் செல்லும் எஞ்சியதை உண்ணும். இவற்றுக்குத் தப்பிய இதழ்களையும், தொகுத்துக் கட்டடம் செய்வோர் சில வேளை குறைத்துவிடுவர். அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிந்துவிட்டு உள்தாள்களை மட்டும் தைப்பது அவர் வழக்கம். விலை, முகவரி, அச்சகப் பெயர் ஆகியவை பெரும்பாலும் அட்டையில் இருந்தவை என்பதை அவர் நினைப்பதில்லை.

இவற்றையெல்லாம் காக்கச் சட்டம் இல்லையா எனலாம். உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைக் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பையிலும் தில்லியிலும் உள்ள நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்புதல் வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஆயினும் சிற்றிதழ்கள் பலவற்றில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரி அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பதிவு பெறாத அவை பெரிய நூலகங்களின் வாயில்களை அடைவது அருமை. அரசின் வலையில் விழாத சிறுமீன்களைத் தனி மனிதர்தாம் காத்தல் வேண்டும்.

அவ்வாறு காத்தவர் நம்மிடையே இருந்தனர். சிவகங்கைச் சீமையின் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் வாழ்ந்தார். அவர் பேராசிரியர் அல்லர். பெயர்ப்பலகை எழுதும் கலைஞர். நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. நாடக விளம்பரங்களையும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையுங்கூட அவர் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கடல் கடந்து கொண்டுசெல்லாது, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமையத் துணைசெய்தது. பிறர் குப்பை என்று கருதியதே இன்று அறிஞர் தேடி வரும் கருவூலமாய் விளங்குகிறது. புதுக்கோட்டையில் ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் துணைவியார் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் இத்தகையதே. நூல்களின் முதற் பதிப்புகளையும் பத்திரிகைகளின் முதல் இதழ்களையும் தேடிச் சேர்த்தமையால் அது பெயர் பெற்றது. ஆசிரியர் வருவாயில் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

காவாதுவிட்டால் நேரும் இழப்புக்கும் சான்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே இறுதியும் சூன் தொடக்கமும் கூடிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தவை மீளவே இல்லை. வேறிடங்களிலும் ஒரு படி இருந்தவை மட்டுமே பிழைத்தன. ஒரே பொருளை இருவர் இரண்டு ஊர்களில் சேர்த்து வைப்பது வீண்வேலை அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு அறிவுறுத்துகிறது.

பத்திரிகைகளைப் போன்றே நூலகங்கள் வெளியிடும் செய்தி மடல்களும் காக்கத்தக்கன. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் தன் பருவ இதழின் வாயிலாக, ஏட்டில் உறங்கிக்கிடந்த சிறு நூல்களை அச்சேற்றியது. அது பெரிய நூலகத்தின் இதழ். சிற்றூர் நூலகத்தின் மடலில் என்ன இருக்கும்? புதிதாக வந்த நூல்களின் பட்டியல், நன்கொடை தந்தவர் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, நூலகம் திறந்திருக்கும் நேரம் ஆகியன இருக்கும். இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால், ஓர் ஊரார் ஒரு காலத்தில் எவற்றைப் படித்தனர் என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று வேறில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அன்றுதொட்டு வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவரும் மக்கள் நாம். நம் பணத்தால் நடந்த நூலகங்களின் வரலாற்றைக் காப்பது நம் கடமையே ஆகும்.

இனிச் செய்முறையைக் கூறுவேன். மாணவர்க்குப் பாடம் சொல்லுவதுபோல் வரிசையாகக் கூறினால் மனத்தில் நிற்கும்.

ஒன்று: எல்லை வகுத்துக்கொள்க. தமிழ்நாட்டுப் பத்திரிகை முழுவதையும் ஒருவர் சேர்த்தல் இயலாது. ஒரு வட்டம், ஒரு துறை, ஒரு பத்தாண்டு என்று வரையறுத்தால் தொண்டு முற்றுப்பெறும்.

இரண்டு: குறிப்பேடு வைத்துக்கொள்க. பத்திரிகையின் பெயர், ஆசிரியர், ஊர், அச்சகம், நாள், பக்கம், விலை, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதுக. இதழின் மீது மையால் எழுதவேண்டா. வேண்டுமாயின் ஓரத்தில் மென்மையாகப் பென்சிலால் எழுதுக.

மூன்று: இதழைக் கெடுக்காது வைத்திடுக. துருவேறிய கம்பியை மெல்ல அகற்றி வெள்ளை நூலால் தைக்கலாம். ஒட்டு நாடாவைக் கிழிசலில் ஒட்டுதல் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே கறைப்படுத்தும். மடிக்காமல், படுக்கை நிலையில், வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் அடுக்குக. நம் முன்னோர் சுவடிகளுக்கு இட்ட வசம்பும் வேப்பிலையும் இன்றும் பயன்படும்.

நான்கு: படியெடுத்துப் பிறர்க்கும் வழங்குக. இன்று கைப்பேசியாலேயே பக்கங்களைப் படம் எடுக்கலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் 'நூலகம்' என்னும் முயற்சி 2005இல் தொடங்கித் தன்னார்வலர் பலரால் வளர்ந்தது. படம் எடுத்தபின் மூலத்தை எறிந்துவிடலாம் என்று எண்ணுவது பிழை. தாளும் மையும் தையலும் சொல்லும் செய்தியைப் படம் முழுதும் சொல்லாது.

நம் மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றி இப்பணிக்கு நிலம் உழுது கிடக்கிறது. 1908ஆம் ஆண்டு அக்டோபரில் பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை சென்னையை விட்டுப் புதுச்சேரியில் மீண்டும் முளைத்தது. ஆங்கில அரசின் தடையால் 1910இல் அது நின்றது. சிதறிய அவ்வெழுத்துகளைத் தேடி வரிசைப்படுத்துவதற்குச் சீனி. விசுவநாதன் என்னும் அறிஞர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்தது. கடலூரில் அஞ்சல் துறையில் பணிபுரிந்த பாவலரேறு பெருஞ்சித்திரனார் 1959இல் அங்கிருந்தே 'தென்மொழி'யைத் தொடங்கினார். நெய்வேலியில் 1957இல் சுரங்கப் பணி தொடங்கியபின், பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள் தங்களுக்கென மன்றங்களையும் படிப்பகங்களையும் அமைத்துக்கொண்டனர். அவர்கள் வெளியிட்ட மலர்களும் மடல்களும் இன்று யார் வீட்டுப் பரணில் உள்ளன?

நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், எனக்கு முன்னிருந்த ஆசிரியர் ஒருவர் மாணவரைக்கொண்டு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதாகக் கேள்வியுற்றேன். அதில் முதற்கவிதை எழுதிய மாணவர் ஒருவர் முதியவராகி என்னிடம் வந்து, அவ்விதழைத் தம் பேரனுக்குக் காட்டவேண்டும் என்றார். அறைகளெல்லாம் தேடினோம். வெள்ளையடித்த ஓராண்டில் பழந்தாள்களோடு அது எடைக்குப் போயிற்று என்று பின்னர் அறிந்தோம். அதற்குப் படி ஏதும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் எழுதப்பட்டது. அம்முதியவர் ஒன்றும் கூறாமல் திரும்பிச் சென்றார்.

அன்பர்களே! பெரிய பத்திரிகைகளின் முதல் இதழைப் பெரிய நூலகங்கள் தேடிக்கொள்ளும். நம் ஊர்ப் பள்ளியின் முதல் ஆண்டு மலரையும், நம் நூலகத்தின் முதற் செய்தி மடலையும், நம் தெரு இளைஞர் பத்து நாள் கூடி அச்சிட்ட முதற் சிற்றிதழையும் தேடுதற்கு நம்மையன்றி வேறு யாரும் வாரார். இவ்வாரத்திலேயே நும் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். 'இதழ் 1' என்று எழுதிய தாள் ஏதேனும் கிடைப்பின், அதனைத் தூசு தட்டி, நாளும் ஊரும் குறித்து வையுங்கள். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதற்கு ஆகும் பொழுது மிகச் சிறிதே.