காலிப் படுக்கைகளில் ஒரு கணக்கெடுப்பு

பொழுது சாயும் நேரத்தில் மலைக் கொரில்லா தனக்கென்று ஒரு படுக்கை போட்டுக்கொள்ளும். சுற்றியுள்ள செடிகொடிகளை வளைத்து மடித்து உடம்புக்கு அடியில் செருகிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். சின்னக் குட்டி தாயோடு படுக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் தனிப்படுக்கை. விடிந்து எழுந்து போகும்போது எச்சத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். மறுநாள் வேறு இடம், வேறு படுக்கை. உலகில் எத்தனை மலைக் கொரில்லாக்கள் மிஞ்சியிருக்கின்றன என்ற கேள்விக்கு விடை, பெருமளவு இந்தக் காலிப் படுக்கைகளிலிருந்துதான் கிடைக்கிறது.

இவை வாழும் இடங்கள் இரண்டே. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. சற்று வடக்கே, உகாண்டாவின் பிவிண்டி காடும் அதை ஒட்டிய காங்கோவின் சரம்ப்வே காப்பகமும் இன்னொன்று. உயிர்க்காட்சிச் சாலைகளில் இந்த இனம் இல்லை. இங்கே அழிந்தால் எங்கும் இல்லை.

விருங்காவில் பாதிக்கும் மேற்பட்ட கொரில்லாக்கள் மனிதர்களுக்குப் பழகியவை. தடம் பார்ப்பவர்கள் நாள் தவறாமல் அவற்றைத் தேடிப் போகிறார்கள்; மூக்கின் மேலுள்ள மடிப்புக் கோடுகளை வைத்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். சிக்கல், மனித வாடை பட்டதும் விலகி ஓடும் பழகாத கூட்டங்களில்தான். அவற்றுக்காகத்தான் மாதக்கணக்கில் காட்டைச் சலிக்கிறார்கள். புதிய தடம் கண்ணில் பட்டால், அதைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த மூன்று இரவுகளின் படுக்கைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். எச்சத்தின் அளவு வயதைக் காட்டும். பெரிய எச்சத்தோடு நரைமுடியும் கிடந்தால், அது முதுகு வெளுத்த ஆணின் படுக்கை.

1959-60இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் விருங்காவில் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார். 1981இல் அது ஏறத்தாழ 250ஆகச் சரிந்துவிட்டது. 1967 முதல் அங்கே தங்கி ஆய்வு செய்த டயான் ஃபாஸி, தன் கண்முன்னே இந்த இனம் முடிந்துவிடும் என்றே அஞ்சினார். 1985இல் அவரே கொலை செய்யப்பட்டார். பின்னால் வந்த கணக்குகள் ஏறுமுகமாயின: 1989இல் 324, 2003இல் 380, 2010இல் 480, 2015-16இல் 604. பிவிண்டி பகுதியில் 2018இல் எண்ணியபோது 459. இரண்டையும் கூட்டினால் 1,063.

இந்த எண்ணை மகிழ்ச்சியோடு சொல்லலாம். ஆனால் அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிவிண்டியில் 2002இல் படுக்கைகளை எண்ணியபோது 320 என்று கணக்கிட்டார்கள். 2006இல் அதே முறையில் 340 வந்தது. பெருகுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த 2006 கணக்கெடுப்பில் முதன்முதலாக எச்ச மாதிரிகளின் டி.என்.ஏ.வையும் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் சோதித்தார்கள். விடை 302தான். சில கொரில்லாக்கள் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட படுக்கைகளைப் போட்டிருந்தன. கிடைத்த நற்செய்தியைத் தாங்களே திருத்தி வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். பாதுகாப்புப் பணிக்குப் பணம் தருபவர்கள் ஏறுமுக எண்ணைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. காட்டை ஒருமுறை மட்டும் சலித்தால் சில கூட்டங்கள் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் அண்மைக் கணக்கெடுப்புகளில் ஒரே காட்டை இருமுறை சலித்தார்கள். முதல்முறை தப்பியவை இரண்டாம் முறை சிக்கின, இரண்டாம் முறை தப்பியவை முதல்முறை சிக்கியிருந்தன. டி.என்.ஏ. இருப்பதால் ஒரே விலங்கை இருமுறை எண்ணிவிடும் பயமும் இல்லை. ஆக, கூடிய எண்ணிக்கையில் ஒரு பகுதி புதிதாகப் பிறந்த குட்டிகள். இன்னொரு பகுதி முன்பே இருந்து நம் கண்ணுக்குத் தப்பியவை.

உண்மையான பெருக்கமும் நடந்திருக்கிறது. விருங்காவில் 1967 முதல் 2008 வரையிலான தரவுகளை ஒப்பிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: நாள்தோறும் காவலும் மருத்துவமும் பெற்ற கூட்டங்கள் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் வளர்ந்தன, அவை கிட்டாத கூட்டங்கள் மெல்லத் தேய்ந்தன. பெண் கொரில்லா நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். அப்படிப்பட்ட விலங்குக்கு 4 சதவீதம் அசாதாரண வேகம். கண்ணியில் கை சிக்கிய குட்டியைக் காட்டுக்குள்ளேயே மயக்கி, கயிற்றை அறுத்து, மருந்திட்டு விடும் கால்நடை மருத்துவர்களின் உழைப்பு இதில் இருக்கிறது. அந்தக் கண்ணிகளைப் பெரும்பாலும் மானுக்காகத்தான் வைக்கிறார்கள். 2015-16 கணக்கெடுப்பின்போது மட்டும் 380க்கும் மேற்பட்ட கண்ணிகளை அகற்றினார்கள்.

2018 நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவை ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு மாற்றியது. ஆபத்து ஒரு படி குறைந்தது, அவ்வளவுதான். விருங்காவில் சில பகுதிகளில் கூட்டங்கள் நெருங்கியதால் அவற்றுக்குள் மோதல் மிகுந்து, குட்டிகள் கொல்லப்படுவதும் கூடி, வளர்ச்சி வேகம் தணிந்திருக்கிறது. காட்டின் விளிம்பு வரை விளைநிலம், விரிய இடமில்லை. நம் சளியும் இருமலும் அவற்றுக்கு உயிர்க்கொல்லி. 1996இல் பிவிண்டியில் சொறிநோய் பரவியபோது சிகிச்சை அளித்த உகாண்டா மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, சுற்றுக் கிராமங்களின் உடல்நலத்தைக் கவனிக்காமல் கொரில்லாவைக் காக்க முடியாது என்று கண்டு, இரண்டையும் சேர்த்துச் செய்யும் அமைப்பைத் தொடங்கினார்.

இதன் நெருங்கிய உறவான கிராவர் கொரில்லாவின் கதை வேறு. கிழக்குக் காங்கோவில் மட்டும் வாழும் அது, 1990களில் சுமார் 17,000 என்று மதிப்பிடப்பட்டது. போர் மூண்டது, காட்டுக்குள் ஆய்வாளர்கள் போக முடியவில்லை. 2016இல் வெளிவந்த மதிப்பீடு 3,800. 2021இல் 6,800. இடையில் ஐந்தே ஆண்டில் இனம் இரட்டிப்பாகவில்லை. முன்பு எட்ட முடியாத காடுகளிலும் தேட முடிந்தது, அவ்வளவே. அதுவும் 1990களின் எண்ணில் பாதிகூட இல்லை. கிராவர் இன்றும் ‘மிக அருகிய’ பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு முடிவு செய்தியாக வரும்போது, எத்தனை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை முறை காட்டைச் சலித்தார்கள், டி.என்.ஏ. பார்த்தார்களா, போக முடியாத காடு எவ்வளவு என்றும் கேளுங்கள்.