நோயும் நலிவும் நலமும்



தெருவில் இருவர் எதிர்ப்பட்டால், "சௌக்கியமா?" என்று ஒருவர் கேட்பதும், "சௌக்கியந்தான்" என்று மற்றவர் விடை கூறுவதும் நம் நாட்டு வழக்கம். அந்த விடையை நாம் ஆராய்வதில்லை. அதே கேள்வியை ஒரு நர்ஸ் கேட்கும்போது, விடையை ஆராய்ந்தே ஆகவேண்டும். "சௌக்கியம்" என்று சொல்பவர் உடலில் நோய் இருக்கலாம். "முடியவில்லை" என்று சொல்பவர் உடலில் எந்தச் சோதனைக்கும் அகப்படும் நோய் இல்லாமலும் இருக்கலாம். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்வதே செவிலியர் கல்வியின் முதற்பாடம். அதை நான் வகுப்பறையில் படித்தேன். உண்மையில் கற்றுக்கொண்டது மம்சாபுரத்தில்.

இராசபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்து அமைந்த ஊர் மம்சாபுரம். அங்கே வீடு வீடாகச் சென்று உடல்நலம் விசாரிப்பது இளம் வயதில் என் பணியாக இருந்தது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்துவந்தார். சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்வதில் பெயர் பெற்ற ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிறர் புண்ணைக் கட்டும் துணியை நாள்தோறும் நெய்த அவருடைய காலிலேயே ஒரு புண் இருந்தது. அதை அவர் அறியவில்லை.

அவருக்கு நீரிழிவு இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. மாத்திரை கொடுத்தோம். "சர்க்கரையைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்று ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் சென்றபோது மாத்திரை அப்படியே இருந்தது. "எனக்கு என்ன நோய் தாயி? இரண்டு ஷிப்டு நின்றாலும் கால் வலிப்பதில்லையே!" என்றார். சொன்னதைக் கேட்காத மனிதர் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வலிக்கவில்லை என்று அவர் கூறியதுதான் பேரபாயத்தின் அறிகுறி. நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால், பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்கி, பாதத்திற்கு இரத்தம் செல்வது குறைகிறது. முள் தைத்தாலும் தெரியாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் உறுத்தாது. சிறு காயம் சீழ்பிடித்து எலும்பை எட்டும்வரை மனிதர் நடந்துகொண்டே இருப்பார். அப்பெரியவருக்கும் அதுவே நேர்ந்தது. இரண்டு விரல்களை அகற்றித்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

அவர் ஊர் திரும்பிய பின்னரே, முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" வலி வந்தால் மாத்திரை சாப்பிடுவது, வலி இல்லையேல் நிறுத்துவது என்பது அவர் அறிந்த வைத்தியமுறை. ஓய்வெடுத்தால் அன்றையக் கூலி இல்லை. கூலி இல்லையேல் வீட்டில் அடுப்பு எரியாது. இவற்றுள் ஒன்றையும் நான் கேட்டறியவில்லை. குறிப்பேட்டில் நான் எழுதிய குற்றம் என்னைச் சேர்ந்தது.

இப்போது மூன்று சொற்களைப் பிரித்தறிவோம். உடலின் உறுப்பிலோ அதன் இயக்கத்திலோ நிகழும் கேட்டை 'நோய்' என்போம். அதை மருத்துவர் கண்டறிகிறார். சோதனைக் கருவி அளந்து காட்டுகிறது. 'நான் நன்றாக இல்லை' என்று ஒருவர் தாமே உணர்வதையும், அதனால் அவர் வாழ்வில் நேரும் தடையையும் 'நலிவு' என்போம். அதை அவர் வாயால் கேட்டே அறியவேண்டும். நம் பெரியவருக்கு நோய் இருந்தது, நலிவு இல்லை. தேர்வு நெருங்கும்போது தலைவலியால் துன்புறும் மாணவன் ஒருவனுக்குப் பரிசோதனைகளில் குறை ஒன்றும் தெரியாமற் போகலாம். அவனுக்கு நலிவு உண்டு, நோய் அகப்படவில்லை. "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று அவனை அனுப்பிவிடுவது அறியாமையாகும்.

மூன்றாவது சொல் 'நலம்'. 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம், நோயில்லாமை மட்டுமே நலமாகாது, உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் முழுமையாகச் செம்மையுற்றிருப்பதே நலம் என்று வகுத்தது. 'முழுமையாக' என்றால் உலகில் யார்தான் நலமுடையவர் என்று சிலர் வினவினர், வினா நியாயமானதே. அமெரிக்க மருத்துவர் ஹால்பர்ட் டன் 1961இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழி காட்டினார். நலம் என்பதை ஒரே நிலையாகக் கொள்ளாமல், ஒவ்வொருவரும் தம் சூழலில் தமக்கு இயன்ற உயரத்தை நோக்கிச் செல்வதாக அவர் கருதினார். மனிதனின் உடல்நிலையை ஒரு கோட்டிலும், அவன் வாழும் சூழலை மற்றொரு கோட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல உடல் படைத்தவனையும் தீய சூழல் கீழே இழுக்கும். நோயுற்றவனையும் நல்ல சூழல் தாங்கி நிறுத்தும்.

இதற்கு நம் சென்னையே ஒரு பெருஞ்சான்று தந்தது. காசநோய் கண்டவரை மலைக்காற்றும் நல்லுணவும் ஓய்வும் உள்ள சானட்டோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் மற்றவருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை அளித்தது. வீட்டிலிருந்தவர்கள் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தனர், குறைந்த உணவையே உண்டனர், ஓய்வும் குறைவு. எனினும் இரு பிரிவினரிடையே பலனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1959இல் முடிவு வெளியானதும், ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறத் தொடங்கியது. அவ்வெற்றியின் பின்னே வீடு வீடாக நடந்த கால்கள் இருந்தன என்பதை மறவாதீர்கள். ஆய்வு நிலையத்தார் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். நோய் குறைந்து இருமல் நின்றதும் "இனி மருந்து எதற்கு?" என்று எண்ணுவது மனித இயல்பு. நலிவு மறைந்த பின்னும் நோய் எஞ்சியிருக்கும் என்பதைப் பொறுமையாக விளக்க அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்லி, அருகிருந்து துணைசெய்பவரையும் உடன் சேர்க்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிவதைக் கண்டு கவலையுறும் தாயர், அவளைக் கேளாமலே வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பதுண்டு. உண்மைக் காரணத்தை அறிந்தவள் உடனிருந்த தோழி. உடல் மெலிந்ததைக் கண்டவர்கள் நலிவின் காரணத்தைக் காணவில்லை. நல்ல செவிலியிடம் தாயின் கவலையோடு தோழியின் செவியும் இருத்தல் வேண்டும்.

மம்சாபுரப் பெரியவரின் கதையை முடித்துவிடுகிறேன். அவரும் அவர் மனைவியும் நானும் கூடிப் பேசினோம். மாத்திரையை உணவோடு சேர்த்து நினைவில் வைப்பது. செருப்பை உதறிப் பார்த்து அணிவது. தினமும் இரவில் விளக்கருகே அமர்ந்து இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் அம்மையார் பார்ப்பது. அவருக்கு முதுகு வளையாது, கண்ணும் மங்கல். ஆதலால் பார்க்கும் வேலை அம்மையாருடையதாயிற்று. கூடத்தில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை கிடைத்தது. ஓராண்டு சென்றபின், "சௌக்கியமா?" என்றேன். "சர்க்கரை இருக்கு, இரண்டு விரல் இல்லை, ஆனாலும் சௌக்கியந்தான் தாயி" என்றார். அவர் முதன்முறை அவ்வார்த்தையைச் சொன்னபோது அது அறியாமை; இம்முறை அதுவே நலம்.

2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகள் வீட்டு வாயிலுக்கே வந்தன. வாயிலுக்கு வந்த மருந்து வயிற்றுக்குள் செல்வது வீட்டிலுள்ளோர் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நீரிழிவுள்ள பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், இன்று மாலை அவர்கள் பாதங்களை நீங்கள் பாருங்கள். புண்ணோ கொப்புளமோ நிறமாற்றமோ தென்பட்டால், வலி இல்லை என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில், தம் உடல்நிலையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, விடையை முழுவதும் கேளுங்கள்.