மைய நரம்பு மண்டலம்: கட்டளையும் காப்பும்

அடுப்பில் உள்ள சூடான பாத்திரத்தை அறியாமல் தொட்டுவிடுகிறோம். கை உடனே பின்வாங்குகிறது. 'சுடுகிறது' என்னும் உணர்வு அதன் பின்னரே தோன்றுகிறது. நாம் எண்ணி முடிவெடுக்கும் முன்பே கையை விலக்கியது எது? மூளையும் தண்டுவடமும் இணைந்த மைய நரம்பு மண்டலத்தின் செயல்முறையில் இவ்வினாவிற்கு விடை உள்ளது.

செய்தி செல்லும் வழி

நியூரான் எனப்படும் நரம்பு செல்லே இம்மண்டலத்தின் அடிப்படை அலகு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. நியூரான், டெண்டிரைட்டுகள் வழியாகச் செய்தியைப் பெற்று, ஆக்சான் என்னும் நீண்ட இழை வழியாக மின்தூண்டலாக அனுப்புகிறது. இரு நியூரான்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியைப் பெரும்பாலும் வேதிப்பொருள்களின் துணையால் அச்செய்தி கடக்கிறது.

சுடுபொருளைத் தொட்டவுடன் விரலில் தோன்றும் தூண்டல், உணர்ச்சி நியூரான் வழியாகத் தண்டுவடத்தை அடைகிறது. அங்குள்ள இடைநியூரான்கள் அதனை இயக்க நியூரான்களுக்குக் கடத்துகின்றன. உடனே தசை சுருங்கிக் கை விலகுகிறது. இதுவே அனிச்சைச் செயல். அதே செய்தி மூளைக்கும் செல்கிறது. அவ்வழி நீண்டது, ஆதலால் வலி சற்றுப் பிந்தி உணரப்படுகிறது.

மூளையின் ஆட்சி

சிந்தனை, நினைவு, மொழி, விருப்பப்படி நிகழும் இயக்கங்கள் ஆகியவற்றிற்குப் பெருமூளை பொறுப்பேற்கிறது. சிறுமூளை உடற்சமநிலையைப் பேணுகிறது. முகுளம் சுவாசத்தையும் இதயத்துடிப்பையும் ஒழுங்குபடுத்துகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

காப்பு ஏன்?

மூளையை மண்டையோடும், தண்டுவடத்தை முதுகெலும்புத் தொடரும் காக்கின்றன. உள்ளே மூன்று உறைகளும், அதிர்வைத் தாங்கும் மூளைத் தண்டுவடத் திரவமும் உள்ளன. இத்துணைக் காவலுக்குத் தக்க காரணம் உண்டு. தோலில் ஏற்படும் காயம் ஆறும். கை, கால்களில் அறுபட்ட நரம்பிழைகளும் தக்க மருத்துவத்தால் மெல்ல வளரக்கூடும். மைய நரம்பு மண்டலத்தில் அறுபட்ட ஆக்சான்களோ பெரும்பாலும் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை.

தண்டுவடம் முதுகுப் பகுதியில் முற்றிலும் துண்டிக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் எனில் கைகளும் பாதிக்கப்படும். கழுத்தின் மேற்பகுதியில் எனில் சுவாசமே நின்றுவிடக்கூடும். மூளை நலமாக இருந்தும் அதன் கட்டளை தசையைச் சென்றடையாது. இத்தகையோரின் பாதத்தில் ஊசி பட்டால், நாளடைவில் அனிச்சைச் செயல் திரும்பியபின், கால் தானே விலகக்கூடும். ஆனால், அவ்வலியை அவர் உணர மாட்டார். தாமே விரும்பி அக்காலை எடுத்து வைக்கவும் அவரால் இயலாது.

நம் கடமை

இருசக்கர வாகனத்தை ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். விபத்தில் வீழ்ந்தவரை இரக்கத்தால் உடனே தூக்கி அமர வைக்க முனைகிறோம். அவருடைய முதுகெலும்பு முறிந்திருப்பின், சிதையாத தண்டுவடமும் அந்த அசைவில் சிதையக்கூடும். எனவே, தீ முதலான உடனடி ஆபத்து இல்லாதபோது, அவருடைய கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, அருகிலேயே இருத்தல் வேண்டும். அந்த நேரத்தில் நாம் காட்டும் பொறுமை, ஒருவர் மீண்டும் எழுந்து நடப்பதற்குரிய வாய்ப்பைக் காக்கும்.