பெட்டி வாங்குமுன் சுமையைப் பாருங்கள்

கற்பிட்டி மணல் தரையிலும் புத்தளம் உப்பளங்களிலும் உழவு இயந்திரப் பெட்டி அன்றாடத் தேவையாகும். சங்கமாகச் சேர்ந்து கடனெடுத்து வாங்குவோர், சாய்க்கும் பெட்டி அவசியமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

உப்பு மூடை, மரக்கறி ஏற்றுவோருக்குச் சாயாத பெட்டியே போதும். விலையும் பழுதும் குறைவு. மணல், எரு, கல் ஆகியவற்றை நாளுக்குப் பலமுறை கொட்டுவோருக்கே ஹைட்ரோலிக் பெட்டியின் செலவு ஈடாகும். அதற்கு இயந்திரத்தில் எண்ணெய்க் குழாய் இணைப்பு இருக்க வேண்டும். இரு சக்கர இயந்திரத்துக்குக் கையால் சாய்க்கும் சிறு பெட்டி பொருந்தும்.

பின்புறம் சாய்வதே பொதுவானது. பக்கவாட்டில் சாய்வது பாதையோரம் கொட்ட வசதியானது. எதுவாயினும், டயர் புதையும் சரிவான மணலில் தூக்கினால் பெட்டி கவிழலாம். முண்டு கொடுக்காமல் தூக்கிய பெட்டியின் கீழ் எவரும் நுழையக்கூடாது.

பெட்டியின் அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 1 கன மீற்றர் மணல் ஏறக்குறைய 1½ தொன். நனைந்தால் இன்னும் கூடும். தேங்காய் மட்டையோ மிக இலேசானது. ஆகவே அச்சும் டயரும் தாங்கும் பாரத்தைக் கேட்டறியுங்கள்.

உப்பு ஏற்றிய அன்றே பெட்டியை நன்னீரால் கழுவி, கீல்களுக்குக் கிறீஸ் இடுங்கள். கடன் தீருமுன் பெட்டி துருப்பிடித்துப் போகக்கூடாது அல்லவா?