பொதுப் பதிவு (மாணவர் கடன்)

பொதுப் பதிவு என்பது ஐக்கிய அமெரிக்காவில் மாணவர் கடன், உதவித்தொகை விவரங்களைக் கல்லூரிகளும் கூட்டரசின் கல்வித் துறையும் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் மின்னணுத் தரவு வடிவம் ஆகும். எக்ஸ்எம்எல் குறிமொழியில் அமைந்த இது, 2002-2003 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

முன்பு பெல் உதவித்தொகைக்கும் நேரடிக் கடனுக்கும் தனித்தனிக் கோப்பு வடிவங்கள் இருந்தன. இரண்டையும் பெறும் மாணவரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் கல்லூரி இருமுறை அனுப்ப வேண்டியிருந்தது. அக்கோப்புகளில் ஒவ்வொரு தகவலுக்கும் நிலையான இடம் உண்டு. ஓர் எழுத்து நகர்ந்தாலும் அடுத்துள்ள தகவல்கள் பிழையாகிவிடும். வங்கிகள் வழங்கிய, அரசு உத்தரவாதம் கொண்ட கடன்களுக்கோ காமன்லைன் என்ற வேறொரு வடிவம் வழக்கில் இருந்தது.

செயல்படும் முறை

பொதுப் பதிவில் ஒவ்வொரு தகவலும் தன் பெயரைக் கூறும் குறிச்சொற்களுக்குள் இடம்பெறும். மாணவரின் விவரம் ஒருமுறை தரப்பட்டு, அதன்கீழ் உதவித்தொகை, கடன், பணம் வழங்கும் தேதி ஆகியவை சேர்க்கப்படும். கல்வித் துறையின் கணினி அமைப்பு அதைச் சரிபார்த்து, ஏற்பையோ பிழைக் குறியீட்டுடன் நிராகரிப்பையோ தெரிவிக்கும். பிழை திருத்தப்படும் வரை மாணவருக்கான பணம் தாமதமாகலாம்.

பயன்

வங்கிவழிக் கடன் திட்டத்தில் புதிய கடன் வழங்குவது 2010 சூன் 30 உடன் முடிவுக்கு வந்தது. நேரடிக் கடனுக்கு மாறிய கல்லூரிகள், பெல் உதவித்தொகைக்குப் பழகியிருந்த அதே வடிவத்தில் கடன் விவரங்களையும் அனுப்ப முடிந்தது.